மகாராணியை யார் உள்ளே இழுப்பது

பிரேக் சத்தம் கேட்டபோது துணிக்கடைக்காரர் ஒரு சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். எதிரே நின்ற வாடிக்கையாளருக்கு அதன் நிறம் பிடிக்கவில்லை.

பிரேக்கைத் தொடர்ந்து 'டமார்' என்று ஒரு சத்தம்.

சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அவர் ஓடி அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

சாலையில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். மஞ்சள் கவுன். ஒரு கை தோளோடு தனியாகக் கிடந்தது.

கடைக்காரர் தன் கடைக் கவுனையே அடையாளம் தெரியாத அளவுக்குப் பதறிப்போயிருந்தார். யாரோ ஒரு அம்மா கூடவந்த குழந்தையின் கண்ணைப் பொத்தினாள்.

ரத்தம் இல்லை என்பதை முதலில் கவனித்தவர் பக்கத்துச் செருப்புக்கடைக்காரர்தான்.

"அட, நம்ம மகாராணிங்க. பொம்மைதான்."

தெருவே பெருமூச்சு விட்டது. அடுத்த நொடி சிரிப்பு. கொஞ்சம் தள்ளி, நடைபாதைத் தூண்களில் மூக்கை முட்டிக்கொண்டு ஒரு பார்சல் வேன் நின்றது. உள்ளே டிரைவர் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு பொம்மையை இடித்ததற்கே மனிதர் இப்படி வெளுத்துப்போய்விட்டாரே என்று அதற்கும் சிரித்தார்கள்.

கடைக்காரரும் சிரித்தார்.

மகாராணியை அங்கே நிறுத்தியவர் அவர்தான். நிறுத்தாமல் என்ன செய்வார்? நடைபாதை ஓரமாக வரிசையாக இரும்புத் தூண்களை நட்டு, கடை முன்னால் வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகையும் மாட்டிவிட்டார்கள். நடந்து போகிறவர்களுக்குப் பாதுகாப்பு, நல்ல விஷயம்தான். ஆனால் சர்ரென்று போகிற வண்டிக்காரர் கண்ணில் கடை எங்கே படும்? அதனால்தான் மகாராணி தூண்களைத் தாண்டி, சாலையில் கால் வைத்து நின்றாள். அவளைப் பார்த்து நாலு பேராவது வேகத்தைக் குறைத்தார்கள். அதில் ஒருவராவது வண்டியைச் சந்தில் விட்டுவிட்டு நடந்து வந்தார். கடையை இழுத்து மூடாமல் இருந்ததே அவள் புண்ணியத்தில்தான்.

தங்கைக்கு மட்டும் அது பிடிக்காது. கடையின் பின்பக்கம் தையல் மெஷினில் உட்கார்ந்து, வாங்கிய துணியை ஆளுக்குத் தகுந்தபடி பிடித்துத் தைத்துக் கொடுப்பவள். நாற்பதைத் தாண்டியும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். கழுத்தில் எந்நேரமும் இன்ச் டேப் தொங்கும். தூங்கும்போதாவது கழற்றுவாளா என்று தெருவில் கேலி பேசுவார்கள். என்றைக்காவது ஒருவன் பொம்மைமேல் வண்டியை ஏற்றத்தான் போகிறான் என்று அவள் சொல்லாத நாளில்லை. அந்தப் பொம்மைதான் நமக்குச் சோறு போடுகிறது என்று அவர் அவள் வாயை அடைத்துவிடுவார்.

மாநகராட்சி வண்டி வந்தால் பொம்மையை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கும் தெருவில் ஒரு ஏற்பாடு இருந்தது. முனையில் சாவி செய்து கொடுப்பவர், வண்டி தலை காட்டியதும் எல்லாக் கடைக்கும் மிஸ்டு கால் கொடுப்பார். போர்டு, செருப்பு ஸ்டாண்டு, மகாராணி எல்லாம் சட்டென்று உள்ளே போய்விடும். வண்டி தாண்டியதும் ஒன்றும் தெரியாததுபோல வெளியே வரும்.

இன்றைக்கும் மிஸ்டு கால் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நெரிசலுக்குப் பின்னால் அந்த வண்டியின் சுழல்விளக்கு இப்போது தெரிந்தது.

போன உயிர் திரும்பிவந்ததும் கடைக்காரருக்குப் பழைய கவலையும் கூடவே வந்துவிட்டது. மகாராணி உடைந்தாலும் பரவாயில்லை, கையைப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம். அவர்கள் கையில் மட்டும் சிக்கக் கூடாது. குனிந்து, வழக்கம்போல அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டார்.

"பாப்பா, ஓடியா. கால் பக்கம் புடி, வண்டி வந்துடும்."

யாரும் வரவில்லை.

மெஷின் ஓடும்போது அவளுக்கு எதுவும் காதில் விழாது. மெஷின் சத்தம் கேட்கிறதா என்று கடைப் பக்கம் காதைத் திருப்பினார். கேட்கவில்லை.

பொம்மையைப் புரட்டினார்.

அதன் அடியில் வெள்ளையாக ஒரு இன்ச் டேப். ஒரு முனை பொம்மையின் தோளில், கை கழன்ற இடத்தில் சிக்கியிருந்தது. மறுமுனை வேன் நின்ற பக்கமாக நீண்டு கிடந்தது.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மிஸ்டு கால் வந்தபோது இரண்டு கையிலும் சட்டை இருந்தது. பின்பக்கம் திரும்பி, வாசலைக் காட்டி மோவாயை லேசாக அசைத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மெஷின் நின்றுபோனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அவர் பொம்மையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

தெருவில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. இறங்கி வாப்பா, பொம்மைதான் என்று யாரோ வேனின் பின்பக்கத்தைத் தட்டினார்கள்.

டிரைவர் இறங்கவில்லை. பொம்மை கிடந்த பக்கம் அவர் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. வேனுக்கு முன்னால், தூண்களின் அடியில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.