ஒரு மிடறு தண்ணீர்

குடியை நிறுத்தத் தரும் அந்த மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாராயம் குடித்தால் வாந்தியும் படபடப்பும் ஆளையே சாய்த்துவிடும். குடியை விட்டவர்கள் சங்கத்தில் அதை இன்னொருவர் கண்ணெதிரில்தான் போட வேண்டும். பழனியாண்டிக்கு அந்த இன்னொருவர், மெக்கானிக் அருளப்பன். தினமும் காலையில் பஸ் நிறுத்தத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டு, பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும். விழுங்காமல் வாயில் ஒதுக்கியவனுக்குப் பேச்சு குழறும் என்பது சங்கத்தின் நம்பிக்கை.

பதினைந்து நாளாகக் கன்னத்தில் ஒதுக்கியபடியே தெளிவாகப் பேசப் பழகியிருந்தான் பழனியாண்டி; பஸ் ஏறியதும் துப்பிவிடுவான். முன்பு விழுங்கிய மருந்தின் பிடியும் உடம்பை விட்டிருக்கும். இன்று மச்சான் வீட்டில் கிடா விருந்து, சாராயமும் உண்டு. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"என்னப்பா, எக்ஸ்பிரஸ் வண்டியாட்டம் நிக்காம பேசுற?"

"விருந்துக்கு நேரமாச்சுண்ணே."

பஸ் வந்தது. பழனியாண்டி ஏறினான். பின்னாலேயே அருளப்பனும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு வேலை இல்லியா?"

"லீவு சொல்லிக்கலாம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானும் இப்படித்தான்டா, ரொம்பத் தெளிவாப் பேசுவேன்."

பழனியாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கன்னத்துக்குள் மாத்திரை மாவாகக் கரைந்து கசந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது, துப்பிவிடலாம். அருளப்பன் அவன் முகத்தைப் பார்க்காமல், தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி நீட்டினார். பழனியாண்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். மச்சான் ஊருக்கு இன்னும் ஒரு நிறுத்தம் இருந்தது.