இடது மட்கார்டு

கறுப்பு வண்டியின் கதவைப் பெரியவர் சாத்தினார். சத்தமே வரவில்லை. அறுபது வருஷத்துக் கதவு.

"இது எப்படிண்ணா?" என்றாள் வசுமதி. பழைய கார்கள் சேர்ப்பவள். பெங்களூரிலிருந்து பொள்ளாச்சி வரை வந்திருந்தாள். எதை வாங்கும் முன்பும் அவரிடம் காட்டிவிடுவாள்.

"பின்சீட்டுல உக்கார்றவங்களுக்காகச் செஞ்ச வண்டிங்க அம்மிணி. கையில காப்பி டம்ளரோட போலாம். தளும்பாது."

பதினோரு வருஷம் அதை ஓட்டியவர் அவர்தான்.

வசுமதிக்கு அது தெரியாது. வண்டிக்குச் சொந்தக்காரனான ரகுவீருக்கு நினைவில்லை. ஷெட்டின் தூணில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவரைக் கடைசியாகப் பார்த்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவருக்குத் தாடி நரைத்துவிட்டது. ஒருமுறைகூட அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பார்க்காததும் நல்லதாகப் போயிற்று.

பக்கத்தில் சிவப்பு வண்டி. தாழ்வாக, இரண்டே சீட்டோடு, பாயக் காத்திருப்பதுபோல் நின்றது. ரகுவீரின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு அவன் அப்பா வாங்கித் தந்தது.

அதில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அதை ஓட்டி ஒரு தபால்காரரைக் கொன்றதற்காக இரண்டு வருஷம் சிறையில் இருந்தார்.

பெரிய முதலாளி, ரகுவீரின் அப்பா, மகனுக்காகப் பழியை ஏற்கும்படி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உன் குடும்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

வெளியே வந்தபோது, முதலாளி அவருக்குத் தந்திருந்த வீட்டின் கொடியில் வேறு டிரைவரின் துணி காய்ந்துகொண்டிருந்தது. மனைவியையும் மகளையும் தேடிப் பிடிக்க ஏழு மாசம் ஆனது. மகள் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை.

எத்தனையோ முறை மனசுக்குள் அந்த வண்டியைக் கொளுத்தியிருக்கிறார்.

இன்று கையில் ஒரு காந்தம்தான் இருந்தது.

"ரெண்டுல எதுண்ணா எடுக்கலாம்?"

"ஓட்டறதுக்குன்னா சிவப்புதானுங்க." உண்மையைத்தான் சொன்னார். "எங்கயாச்சும் அடிபட்டிருக்கான்னு மட்டும் பாத்துருவோம்."

"கீறல்கூடப் பட்டதில்ல," என்றான் ரகுவீர், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

காந்தத்தைக் கதவில் வைத்தார். ஒட்டியது. பானெட்டில் வைத்தார். ஒட்டியது. அவசரப்படவில்லை. வலது பக்கம் முழுக்க முடித்துவிட்டுச் சுற்றி வந்தார்.

இடது மட்கார்டில் வைத்தார்.

விழுந்தது.

"தகரம் கொஞ்சந்தானுங்க. மிச்சமெல்லாம் அடிபட்ட எடத்துல பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிருக்கு."

வசுமதி கையிலிருந்த தாளில் 'விபத்து' என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி ரகுவீரைப் பார்த்தாள்.

"ஓ, அதுவா? டிரைவர் ஒருத்தன் இருந்தான். குடிச்சிட்டு, எங்களுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போய் இடிச்சிட்டான். திருட்டுப் பய."

அவர் குனிந்து காந்தத்தை எடுத்தார். சட்டையில் துடைத்தார்.

"அந்த டிரைவர் பேரு என்னங்க தம்பி? அம்மிணி எழுதணும்."

ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் ரகுவீர் மனப்பாடமாகச் சொன்ன பெயர். சுலபமாக வந்தது.

"மரியதாஸ்."

வசுமதி இரண்டெழுத்து எழுதினாள். பேனா நின்றது.

அதே தாளின் மேலே, வண்டியைப் பரிசோதிப்பவர் என்ற இடத்தில், காலையில் அவளே எழுதிய பெயரும் அதுதான்.

மெல்லத் தலை தூக்கி அவரைப் பார்த்தாள்.

அவர் ரகுவீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணிக்குச் சரியாக் கேக்கலைங்க தம்பி," என்றார். "இந்தப் பக்கம் பாத்துச் சொல்லுங்க."