எதிர்வீட்டுத் தொட்டி

எதிர்வீட்டு ரோஸ்லின் ஏஞ்சல் மீன் ஜோடி வாங்கியதில் தனக்கு வயிற்றெரிச்சலே இல்லை என்று தில்லைநாயகி சொன்னால் நாமும் நம்பித்தான் ஆகவேண்டும். தில்லைநாயகியின் புருஷன் சபேசன் மாலையானால் அந்தத் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார், அதுதான் குறை. சொந்த வீட்டு ஜன்னலைத் துடைக்காத மனுஷன் அங்கே கண்ணாடி துடைக்கிறாராம். அவள் வளர்ப்பு மீன்கடைக்குப் போய் டைகர் பார்ப் மீன் கேட்டாள். "ஏஞ்சலோட விடாதீங்கக்கா, செட்டையெல்லாம் கடிச்சுக் கிழிச்சிடும்" என்றான் கடைக்காரன். "நல்லா பெருசாப் பார்த்துக் குடுப்பா" என்றாள்.

"அய்யோ, புலி மாதிரி என்ன அழகுக்கா!" என்று பூரித்துப்போனாள் ரோஸ்லின். "உங்க கையாலேயே விடுங்க. ராசியான கை."

தண்ணீரின் சூடு ஒத்துப்போகட்டும் என்று சபேசன் பையைப் பிரிக்காமல் தொட்டியில் மிதக்கவிட்டார். பைக்குள் வரிவரியாக மீன்கள் பரபரத்தன. வெளியே ஏஞ்சல் ஜோடி ஓர் இலையை விட்டு நகரவில்லை. "முட்டை வெச்சிருக்கு" என்று பிரசவ வார்டில் பேசுவதுபோலக் கிசுகிசுத்தார். பெண்மீன் செட்டையால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டே இருந்தது. தில்லைநாயகிக்கு என்னவோ போலிருந்தது. ஏதாவது சாக்குச் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கையைக்கூட நீட்டிவிட்டாள்.

அப்போது ரோஸ்லின் டீ கொண்டுவந்தாள். "உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு தெரியலைக்கா. அண்ணனுக்கு அரை ஸ்பூன்தான்."

தில்லைநாயகி பையின் ரப்பர் பேண்டை உருவினாள்.