வடிந்த ஏரி

அணையைப் பழுதுபார்க்க அந்த நார்வே மலை ஏரியை வடித்தபோது, சேற்றில் ஒரு நீலக் கார் தெரிந்தது. உள்ளே ஓர் எலும்புக்கூடு. கனடாவுக்கு ஓடிப்போனதாக அம்மா சொல்லிவந்த தன் அப்பாவின் கார் அது என்பதை, எண் பலகையைப் பார்த்ததுமே துப்பறியும் அதிகாரி இங்குன் அறிந்தாள்.

அம்மாவின் சமையலறையில், "அப்பாவோட கார் ஏரியில கிடைச்சிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா காபி ஊற்றுவதை நிறுத்தவில்லை. "பின் சீட்டுலதானே இருந்தார்?"

"நான் போலீஸ்ம்மா. யோசிச்சுப் பேசு."

"முப்பது வருஷமா யோசிச்சாச்சு. உன் முதுகுத் தழும்பு அடுப்புல விழுந்து வந்ததுன்னு சொன்னேன் இல்ல? அதுவும் பொய்தான்."

இங்குன் நாற்காலியில் சாய முடியாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். வெளியே காத்திருந்த சக அதிகாரி கதவைத் தட்டினார்.