சினை இறாலை எண்ணிய விதம்

உயிருள்ள சிங்கி இறாலின் வாலடியில் ஒட்டியிருக்கும் முட்டைகளை, ஒன்றைக்கூடப் பிய்க்காமல் எப்படி எண்ணுவதென்று இன்பவல்லிக்குத் தெரியவில்லை. போன மாதம் ஓர் இறாலைச் சுரண்டித்தான் எண்ணினாள். முட்டைகள் செத்தன. தாய் மட்டும் மூன்று நாள் தொட்டிக்குள், ஒன்றுமில்லாத வாலடியை விசிறிக்கொண்டே இருந்தது. கடலோர ஆய்வறையில் அவளுக்கிருந்த ஒரே துணை அதுதான். அதன் பக்கம் திரும்பவே அவளால் முடியவில்லை.

இன்று மீனவர் வியாகப்பன் ஈரச் சாக்கில் இன்னொன்றைக் கொண்டுவந்தார். சினை இறால் வலையில் பட்டால் அன்றைக்கே கடலில் விட்டுவிடுவது அவர் வழக்கம்.

"சொரண்டிராத, தாயி. படகு கெளம்புறதுக்குள்ள குடுத்துரு. ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டிருந்தா, குஞ்சு பொரிச்சு பள்ளிக்கூடம் போயிரும்."

அவள் சிரித்தாள். பேசிப் பல நாளாகியிருந்ததால் குரல் கரகரத்தது. "அஞ்சு நிமிஷம் போதும், அண்ணாச்சி."

ஈரத்துணியில் அதை மல்லாத்தி, முட்டைக்கொத்தை மட்டும் அளவுகோலால் அளந்தாள். அவர் இறாலோடு கிளம்பிப் போனார். துணியில் தானாக உதிர்ந்து கிடந்த முட்டைகளை அவள் ஊசிமுனையால் வரிசையாக அடுக்கினாள். ஒரு சென்டிமீட்டருக்குப் பதினெட்டு வந்தது. கூப்பிட்டுச் சொல்ல ஆளில்லாததால் நோட்டில் எழுதினாள்:

கொத்தின் நீளம் எட்டு சென்டிமீட்டர், அகலம் ஐந்து, தடிமன் இரண்டு. பெருக்கினால் எண்பது. ஓரங்கள் உருண்டிருப்பதால் அதில் பாதி, நாற்பது கன சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டரில் பதினெட்டு பெருக்கல் பதினெட்டு பெருக்கல் பதினெட்டு, ஏறத்தாழ ஐயாயிரத்து எண்ணூறு முட்டை. ஆகமொத்தம் சுமார் இரண்டு லட்சத்து முப்பதாயிரம்.