விழுங்கிய பிறகு

தக்கை என் கால்சட்டைப் பையில் இருந்தது.

பீப்பாயின் வாய் திறந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவே பலெர்மோவில் ஒரு கலியாண வீடு, ஒரு வாரச் சாப்பாடு, வயதுக்கு ஒவ்வாத ஓர் ஆட்டம். ஆடும்போது தொடையில் ஏதோ உறுத்தியது. வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து பார்த்தேன்.

வைனின் மேல் வெள்ளைச் சவ்வு. ஆறிய பாலின் ஆடை போல. அதில் பழ ஈக்கள். சில செத்திருந்தன. சில குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

கரண்டியால் வழித்தேன். விரலில் ஒட்டியது. சுவரில் தேய்த்தேன். இப்போது சுவரிலும் இருந்தது, விரலிலும் இருந்தது.

ஒரு சிட்டிகை கந்தகம் போட்டிருந்தால் தப்பியிருக்கும்.

போடவில்லை. நான் இயற்கை வைன்காரன். மாட்டுக் கொம்புக்குள் சாணியை அடைத்து மண்ணில் புதைக்கிறவன். பனிக்காலம் கழிந்ததும் அதைத் தோண்டியெடுத்து, தண்ணீரில் கரைத்து, இடமும் வலமுமாகக் கை ஓயக் கலக்கி, கொடிகளின் அடியில் தெளிக்கிறவன். சந்திரன் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் பீப்பாயைத் தொடுவேன். ஊரில் அப்பா பஞ்சாங்கத்தைத் திறந்தபோதெல்லாம் நக்கலடித்த வாய் இது. சிசிலிக்கு வந்து, அதையே இத்தாலிய மொழியில் காசு கொடுத்து வாங்கி, சுவரில் மாட்டிவைத்திருக்கிறேன்.

கலியாணத்துக்குப் புறப்பட்ட அன்று பீப்பாயில் வைன் சற்றுக் குறைந்திருந்தது. நிரப்புவதற்காகத் தக்கையைப் பிடுங்கிய பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். சந்திரக் கணக்கில் அது வேர் நாள். வேர் நாளில் வைனில் கைவைக்கக் கூடாது.

பதறிப்போய்க் கையை எடுத்தேன். தக்கையையும் சேர்த்து எடுத்துவிட்டேன். வெளியே என் மனைவி தர்மினி காரின் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

அது ஐப்பசியில்.

இப்போது சித்திரை. ஆகத்தா வந்திருக்கிறாள். பலெர்மோவில் வைன் கடை வைத்திருப்பவள். பிடித்துவிட்டால் பீப்பாய் முழுவதையும் எடுத்துக்கொள்வாள்.

பிடிக்காவிட்டால் லண்டன்.

அது எனக்கும் தர்மினிக்கும் உள்ள பேச்சு. இந்த முதல் வைன் சரிவந்தால் இங்கேயே இருப்பது. சரிவராவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு லண்டனில் அவளுடைய அக்காவிடம் போய்விடுவது. சொன்னவன் நான்தான். சொன்னபோது குடித்திருக்கவில்லை என்பதுதான் கேவலம்.

தர்மினி வாசலில் நின்றாள். காலையிலிருந்து கொடிகளில் வேண்டாத துளிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தவள். நகமெல்லாம் பச்சை.

ஆகத்தா முகர்ந்தாள். தலையாட்டினாள்.

ஒரு மிடறு விழுங்கினாள். அதற்கும் தலையாட்டினாள்.

நான் காத்திருந்தேன்.

வைனைப் பிடித்த இந்த நோய் அப்படித்தான். மூக்குக்குத் தெரியாது. நாக்குக்கும் முதலில் தெரியாது. விழுங்கிய பிறகு, எச்சிலோடு கலந்து, தொண்டையிலிருந்து மெல்ல ஏறி வரும்.

எலி.

செத்த எலிகூட இல்லை. அரிசி மூட்டைக்குள் குடியிருந்து, மூத்திரம் பெய்து, பிள்ளையும் பெற்ற எலி.

ஆகத்தாவின் கண் ஒருமுறை சுருங்கியது.

"இன்டெரெஸ்ஸான்தே," என்றாள்.

சுவாரசியம். அவலட்சணமான குழந்தையைத் தொட்டிலில் எட்டிப் பார்த்தால் இங்கே சொல்லுகிற சொல்.

"அப்ப எடுப்பீங்களா, சிஞ்ஞோரா?"

தொலைபேசியில் பேசுவதாகச் சொன்னாள். கிளாஸில் பாதியை வைத்துவிட்டுப் போனாள். அவளுடைய கார் மேட்டில் ஏறிய வேகத்தில் புழுதி பறந்தது.

சாணிக் கொம்பை எனக்குக் கற்றுத்தந்த தூரி போன வாரம் குடித்துப் பார்த்தான். என்னைக் கட்டிப்பிடித்தான். "இது உயிருள்ள வைன்," என்றான்.

எலிக்கும் உயிர் இருக்கிறதுதான்.

அவனைக் குறை சொல்லி என்ன? கோடையில் போய்விடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தினமும் ஒரு மிடறு. தினமும் எலி. ஓடிப்போய்ப் பல் தேய்ப்பேன். தேய்த்த பிறகும் எலி. புதினாச் சுவையில்.

தர்மினியிடம் கேட்டபோதெல்லாம் அவளுக்கு ஒரே பதில்தான். "எனக்கென்ன தெரியும், உங்கட வைன்." வாழ்நாளில் ஒரு சொட்டும் வாயில் வைத்தவள் இல்லை.

இப்போது உள்ளே வந்தாள். ஆகத்தா மிச்சம் வைத்த கிளாஸைக் கையில் எடுத்தாள்.

"குடிக்காதையப்பா," என்றேன்.

"சும்மா நில்லுங்கோ."

காய்ச்சல் மருந்தை விழுங்குவதுபோல ஒரே மடக்கு. கண்ணை மூடிக்கொண்டாள்.

லண்டன் வேண்டும் என்றால் அவளுக்கு இப்போது ஒரு சொல் போதும். அது பொய்யாகவும் இருக்காது.

நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது. முகம் கோணியது. உடம்பு ஒருமுறை குலுங்கியது. துப்பவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"பழுதாப் போச்சப்பா," என்றாள். "ஒரே எலிப்புழுக்கை. மனிசருக்குக் குடுக்கேலாது. கொண்டுபோய் ஊத்துங்கோ."

தலையாட்டினேன். அக்கா வீட்டு மாடியில் எங்களுக்கென்று ஒதுக்கிய சின்ன அறை கண்முன் வந்தது.

தர்மினி பீப்பாயை ஒருமுறை சுற்றி வந்தாள். அடிப்பலகையைக் குனிந்து பார்த்தாள்.

"ஊத்தின கையோட கழுவிப்போட்டுத் தண்ணி நிரப்பி வையுங்கோ. காயவிட்டால் பலகை விலகிப்போம். பிறகு செப்டெம்பருக்குப் புதுச் சாறை என்னத்துக்க விடுறது?"