பாப்கார்ன் வாளி

"நீ பார்த்தா நம்ம டீம் தோத்துடும், கோதை. கொஞ்சம் உள்ள போயேன்."

"ஏன், நானா பந்து போடறேன்?"

கல்யாணமான புதிதில் இருவரும் சிரித்துக்கொண்டே பேசியது. அதன்பிறகு ஆட்டம் சூடேறும்போதெல்லாம் கோதை சமையலறைக்குப் போனாள். ஆரவாரத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டாள். நாடு மாறியது, கிரிக்கெட் போய் பேஸ்பால் வந்தது. அவள் எழுந்து போவது மட்டும் மாறவில்லை.

இன்று மைதானத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். கோப்பைக்கான கடைசி ஆட்டம். அவர்கள் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இன்னும் ஒருவர் அவுட்டானால் எல்லாம் முடிந்தது. சுற்றியிருந்தவர்கள் அதிர்ஷ்டத்துக்காகத் தொப்பிகளை உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். செழியன் காலியான பாப்கார்ன் வாளியை மனைவியிடம் நீட்டினான்.

"நிரப்பிட்டு வாம்மா. மெதுவா வா, அவசரமில்ல."

கோதை அதை வாங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். நெற்றியில் வெண்ணெய் வழிந்தது. பின்வரிசைக் கிழவர் ஒருவர் கைதட்டினார்.

"விளையாடாத கோதை, பந்து போடப் போறான்!"

"போடட்டும்."

"தோத்துட்டா?"

"தோக்கட்டும். நான் எழுந்திருக்க மாட்டேன்."

மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. அரங்கம் முழுவதும் எழுந்து வானத்தைப் பார்த்தது. செழியனும் எழுந்தான். வாளிக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"என் பக்கத்துல உக்காந்து பாருன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க."